மாலுமியின் விழிப்பு

(பௌர்ணமி உபோசத நாளில் திலக் நகர் உபாசக உபாசிகைகளுக்கு ஆற்றிய தம்ம உரை)





சற்று முன்னர் நாம் திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்றோம். ஐந்தாம் சீலத்தைச் சொல்லி முடித்தவுடன் நம்மிற் பலர் கண் திறந்து கடிகாரத்தை நோக்கினோம், நானும் நோக்கினேன். நாவினால் சொன்ன சொல் நெஞ்சில் இறங்குமுன் நினைவு வேறிடம் சென்றுவிட்டது. அந்த ஐந்தாம் சீலத்தினுள் ஒரு சொல் இருக்கிறது. அதன் பொருளைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அப்பொருளை எனக்கு நன்கு உணர்த்தியது ஏடன்று. நம் மும்பைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பே உணர்த்திற்று.

திலக் நகரில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் தெரியாது. ஆயினும் நாம் கடலுக்கு அயலார் அல்லோம். நாம் நாள்தோறும் ஏறும் மின்சார ரயில், ஹார்பர் என்று துறைமுகத்தின் பெயரையே தாங்கி ஓடுகிறது. சிறிது தொலைவிலுள்ள மாஹுலும் டிராம்பேயும் கோலி மீனவர் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வரும் ஊர்கள். லோகமான்ய திலக் முனையத்தில் ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கினால், மறுநாளே அவர்களை இந்தியாவின் நுழைவாயிலுக்கு அழைத்துச் செல்கிறோம்; அங்கிருந்து படகேற்றிக் கராபுரித் தீவாகிய எலிபண்டாவையும் காட்டுகிறோம். பௌத்தர்களாகிய நமக்கு அத்தீவில் தனியொரு பற்றும் உண்டு. பலரும் சிவன் குகையைக் கண்டு திரும்பிவிடுவர். கிழக்குக் குன்றின்மீது பண்டைய ஸ்தூபத்தின் மேடு இருப்பதை அறிந்தவர் சிலரே. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். குழந்தைகள் கடற்பறவைகளுக்குப் பொரி எறிவார்கள். பெரியவர்கள் காற்று வாங்குவார்கள். இதில் அஞ்சுதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவோம்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், புதன்கிழமை, பிற்பகலிலும் அங்ஙனமே எண்ணி மக்கள் ஏறினார்கள். ‘நீல்கமல்’ என்னும் பயணிகள் படகு நுழைவாயிலிலிருந்து கராபுரியை நோக்கிப் புறப்பட்டது. அப்படகிற்கு 84 பயணிகளை ஏற்றவே அனுமதி இருந்தது. ஏறியிருந்தோர் 100-க்கும் மேற்பட்டோர். மாலை நான்கு மணி அளவில், துறைமுக நீர்ப்பரப்பில் இயந்திரச் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படையின் விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாட்டை இழந்து ‘நீல்கமல்’ மீது மோதிற்று. நீர் உட்புகுந்து படகு கவிழ்ந்தது. கடற்படையினரும் கடலோரக் காவற்படையினரும் போலீசாரும் துறைமுகப் படகினரும் மீனவரும் விரைந்து பலரைக் கரையேற்றினர். ஆயினும் இரு கலங்களிலும் இருந்தோருள் 15 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் உண்டு.

அவ்விரைவுப் படகு நீரைக் கிழித்து வளைந்து திரும்பி வருவதைப் பயணி ஒருவர் தம் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். அப்படத்தை நாடே கண்டது. காண்போர் உள்ளம் இன்றும் பதறும். படத்தின் தொடக்கத்தில் அது வேடிக்கை போலவே தோன்றுகிறது. அடுத்த சில நொடிகளில் அது மரணமாகிவிடுகிறது. அப்பயணிகளை நான் குறைகூற வரவில்லை. கட்டணம் கொடுத்து அமர்ந்திருப்பவர் கையில் சுக்கானும் இல்லை, இயந்திரமும் இல்லை. யார் குற்றவாளி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. தம்ம மேடையின் வேலையன்று.

பின், இதனை ஏன் எடுத்தேன்? அந்நிகழ்ச்சி நடந்த சில நாட்களில் நம் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பெருமூச்சு விட்டு, “எல்லாம் அவரவர் தலையெழுத்து, ஐயா, கர்மம் இழுத்துக்கொண்டு போய்விட்டது” என்றார். அருகிலிருந்தோர் ஆமென்று தலையசைத்தார்கள். அவர்கள் யாவரும் புத்தரைச் சரணடைந்தவர்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இறந்தோருக்காக வருந்தியது ஒருபுறம். நம்மவர் வாயில் அச்சொல் இன்னும் குடியிருக்கிறதே என்று வருந்தியது மறுபுறம்.

பகவான் புத்தர் இராஜகிருகத்து வேணுவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், மோளியசீவகன் என்னும் பரிவிராஜகன் அவரை அணுகினான். மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முற்செய்த வினையாலேயே வருகின்றன என்று சிலர் கூறுகிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று வினவினான். பகவான் அக்கொள்கையை ஏற்கவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. சிலேத்துமத்தால், வாயுவால், இம்மூன்றின் கலப்பால் வரும் துன்பம் உண்டு. பருவ மாறுதலால் வருவது உண்டு. தன்னைச் சரிவரப் பேணாத ஒழுக்கத்தால் வருவது உண்டு. பிறர் தாக்குதலால் வருவது உண்டு. வினைப்பயனால் வருவதும் உண்டு என்று எட்டுக் காரணங்களை அவர் வகுத்துக் காட்டினார். எட்டில் ஒன்றே வினைப்பயன். ஏனைய ஏழும் இவ்வுலகத்தில், இன்றைய நாளில், நம் கண்ணெதிரே உள்ள காரணங்கள். அனைத்தையும் வினையின் தலையில் ஏற்றுவோர், தாமே கண்டறிந்ததையும் உலகம் உண்மையென ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது பகவானின் முடிவு.

நேயர்களே! இந்த உபதேசம் பிறரைக் காட்டிலும் நமக்கே மிக வேண்டியது. நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் எச்சொல்லைச் சொல்லி நிறுத்தினார்கள்? முற்பிறப்பின் வினை என்றன்றோ சொன்னார்கள்! குளத்தில் நீர் மொள்ளக் கூடாதென்றதற்கும் வினையே காரணம். பள்ளியில் தனியே அமர்த்தியதற்கும் வினையே காரணம். அச்சொல்லை உதறவே 1898-இல் பண்டித அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அச்சொல்லை உதறவே 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தைத் தழுவினார். நமக்கு இழைக்கப்பட்ட தீமையை விதியென்று ஒப்புக்கொள்ள மறுத்த நாம், கடலில் மாண்ட குழந்தைகளின் மரணத்தை மட்டும் விதியென்று சொல்லலாமோ? விதியென்று சொன்ன அக்கணமே காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். காரணம் தேடப்படாத தீங்கு மீண்டும் வரும்.

அக்காரணங்களுள் தலையாயதற்குப் பாலி மொழியில் ‘பமாதம்’ என்று பெயர். மறதி, அசட்டை, மெத்தனம், நினைவு தப்பியிருத்தல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அதன் எதிர்ச்சொல்லே ‘அப்பமாதம்’. தமிழில் இதற்கு ஏற்ற சொல் இல்லையோ என்று ஐயுற வேண்டாம். பொச்சாப்பு என்பது மறதியும் சோர்வும்; அஃதின்மை பொச்சாவாமை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். பகவான் குசிநகரத்தில் சாலமரங்களின் இடையே இறுதியாகக் கண்மூடுமுன் சீடர்க்கு விட்டுச் சென்றதும் இதுவே: சேர்ந்து உண்டானவை யாவும் அழியும் இயல்பின, பொச்சாவாது முயன்று உங்கள் காரியத்தை முடியுங்கள் என்பது அதன் கருத்து. நாற்பத்தைந்து ஆண்டுகள் போதித்தவர் கடைசி மூச்சுக்குத் தேர்ந்தெடுத்த சொல் அது.

இனி, கடல் நூலோர் இதனை எங்ஙனம் கூறுகிறார்கள் என்று பார்ப்போம். கடலில் கலங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க உலக நாடுகள் வகுத்துக்கொண்ட விதிகள் உள. 1972-இல் ஏற்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்தவை அவை. அவற்றுள் ஐந்தாம் விதி கண்காணிப்பைப் பற்றியது. பெரிய கப்பலாயினும் சிறு தோணியாயினும் ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் செவியாலும், அப்பொழுது கிடைக்கக்கூடிய பிற சாதனங்கள் எல்லாவற்றாலும், தன்னைச் சூழ்ந்த நிலையையும் மோதல் அபாயத்தையும் முழுமையாக அறியும்படி காவல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘எந்நேரமும்’ என்பதைக் கவனியுங்கள். வானம் தெளிந்திருக்கும் பொழுதும், கரை அருகில் இருக்கும் பொழுதும், ஆயிரம் முறை சென்ற வழியாயினும், காவல் நீங்கலாகாது. நமக்கும் ஐந்தாம் சீலம். அவர்கட்கும் ஐந்தாம் விதி. எண் ஒத்தது தற்செயல். பொருள் ஒத்தது தற்செயலன்று.

கண்காணிப்பது எளிது என்று கரையில் நிற்பவர் எண்ணுவர். படகில் சுக்கான் பிடிப்பவரைக் கேளுங்கள். விரைவுப் படகு வேகமெடுக்கும் பொழுது அணியமாகிய அதன் முன்பகுதி மேலெழுந்து எதிரேயுள்ள நீரை மறைக்கும். பாய் விரித்த படகில் பாயே கண்ணை மறைக்கும். பயணிகள் எழுந்து நின்றால் அவர்கள் தலைகள் மறைக்கும். மாலை வெயில் நீரில் பட்டு மின்னுகையில் அத்திசையில் வரும் படகு தெரியாது. இயந்திர ஓசை பிற ஓசைகளை விழுங்கிவிடும். முன்னே மட்டும் நோக்குபவர் பின்னிருந்து விரைந்து வரும் கலத்தைக் காணார். ஆகையால் நன்கு தேர்ந்த மாலுமி ஒரே திசையில் விழியை நட்டு நிற்பதில்லை. முன், வலம், பின், இடம் என்று பார்வையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார். இடையிடையே செவி சாய்க்கிறார். ஐயம் எழுந்தால் முதலில் வேகத்தைக் குறைக்கிறார்.

கடலறிந்தோர் மற்றொரு நுட்பமும் சொல்லித் தருவர். உங்கள் படகு நேரே ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைவில் ஒரு கலம் தெரிகிறது. நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்து, அதனை உங்கள் படகின் கம்பம் ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் அது கம்பத்திற்கு முன்னே நகர்ந்திருந்தால் உங்களுக்கு முன்னே கடந்து போகும். பின்னே நகர்ந்திருந்தால் பின்னே கடந்து போகும். முன்னும் நகராமல், பின்னும் நகராமல், கம்பத்தோடு ஒட்டியபடியே நின்று, உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருமானால், அக்கலம் உங்களை நோக்கியே வருகிறது! அசையும் பொருளைக் கண் உடனே பற்றிக்கொள்ளும். அசையாதது போல் நிற்பதைப் பற்றாது. ஆகவே எது நம்மை மோத வருகிறதோ, அதுவே அசையாதது போல் தோன்றி நம்மை ஏமாற்றுகிறது.

நேயர்களே! வாழ்விலும் அங்ஙனமே அன்றோ? திடீரென எதிரே பாயும் ஆபத்தைக் கண்டு விலகிவிடுகிறோம். ஆனால் சம்பள நாள்தோறும் ஒரே மூலையில் நிற்கும் மதுக்கடை அசைவதாகத் தோன்றுவதில்லை. வட்டிக்கு வாங்கிய கடன் அசைவதாகத் தோன்றுவதில்லை. மகனிடத்தில் நாம் காட்டும் சினம் நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது என்று எண்ணுகிறோம். இடம் மாறவில்லை, உருவம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. அதைக் கண்டுகொள்வதற்குப் பெயரே அப்பமாதம்.

பகவான் இக்காவலை ஓர் உவமையால் விளக்கினார். எல்லைப்புறத்தில் மதில் சூழ்ந்த நகரம் ஒன்று. அதன் வாயிலில் அறிவுள்ள காவலன் ஒருவன். அவன் தெரிந்தவரை உள்ளே விடுவான். தெரியாதவரைத் தடுத்து நிறுத்துவான். அக்காவலன் ‘சதி’ என்னும் நினைவுடைமையே என்றார். காவலன் மதிலைப் பெயர்த்து எறிகிற மல்லன் அல்லன். படை திரட்டும் அரசனும் அல்லன். அவன் செய்வது ஒன்றே: வாயிலில் நின்று வருவோரைப் பார்க்கிறான். ஆயினும் அவன் உறங்கினால் மதிலும் படையும் அரசனும் வீணே. கலத்தின் அணியத்தில் நிற்கும் காவலனும் அத்தகையவன்.

ஆனால் பார்ப்பது மட்டும் போதுமோ? போதாது என்பதற்கு ஜாதகக் கதை ஒன்று சான்று. போதிசத்துவர் ஒரு பிறவியில் பருகச்சம் என்னும் துறைமுகத்தில் மாலுமித் தலைவனின் மகனாகப் பிறந்தார். சுப்பாரகர் என்பது அவர் பெயர். நம் மும்பைக்கு வடக்கே நாலாசோபாரா என்று இன்று வழங்கும் ஊரே பண்டை நூல்களில் சுப்பாரகத் துறைமுகம் எனப்பட்டது. அங்கு 1882-இல் பௌத்த ஸ்தூபம் ஒன்று அகழ்ந்து காணப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள அவ்வூரின் பெயரையே அம்மாலுமியும் தாங்கியிருந்தார். உப்பு நீர் பட்டுப் பட்டு அவர் இரு கண்களும் பழுதுற்றன. ஆயினும் எழுநூறு வணிகர் அவரையே வேண்டி அழைத்துச் சென்று தம் கப்பலுக்குத் தலைவராக்கினர். புயலில் வழி தப்பிக் கப்பல் அறியாத கடல்களில் அலைந்தது. வணிகர் கண்டதைக் கண்டபடி சொன்னார்கள்: நீரில் இன்ன உருவுடைய மீன்கள் எழுகின்றன, கடல் நெருப்புப் போல் ஒளிர்கிறது, பசும்புல் போல் தெரிகிறது. கண்ணில்லாத சுப்பாரகர் கேட்டுக் கேட்டு, இது இன்ன கடல், இதன் இயல்பு இன்னது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வணிகருக்குக் கண் இருந்தது, பொருள் தெரியவில்லை. அவருக்குப் பொருள் தெரிந்திருந்தது; கண் இல்லை. இரண்டும் சேர்ந்தபொழுதே கப்பலுக்குக் காவல் கிடைத்தது. அக்கப்பல் இறுதியில் கரை சேர்ந்தது.

காண்பது சதி, கண்டதன் பொருளை உணர்ந்து செய்வது சம்பஜஞ்ஞம் என்னும் தெளிவறிவு. பகவான் இவ்விரண்டையும் பல இடங்களில் இணைத்தே உபதேசித்தார். 1912 ஏப்ரல் மாதம் ‘டைட்டானிக்’ என்னும் பெருங்கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கிச் சுமார் 1500 பேர் மாண்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அக்கப்பலில் உயரமான கூண்டில் இரு காவலர் விழித்தே இருந்தனர். பனிப்பாறைகள் உள என்று பிற கப்பல்களிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் எச்சரிக்கைகளும் வந்திருந்தன. எனினும் வேகம் குறைக்கப்படவில்லை. கண் விழித்திருந்தது, அறிவு அதற்கு இணங்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. பார்வை ஒரே புறம் குவிந்தால் அதுவும் பொச்சாப்பே. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து, தமிழ்நாட்டினர் உட்பட 45 பேர் இறந்தனர். கரையில் விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் அதற்குக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நம் மும்பைக் கடலிலேயே 1947 ஜூலை 17-ஆம் நாள் ரேவஸ் நோக்கிச் சென்ற ‘ராம்தாஸ்’ என்னும் நீராவிக் கப்பல் மழைக்காலக் கொந்தளிப்பில் கவிழ்ந்து 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு விடுதலை பெறுதற்குச் சரியாக இருபத்தொன்பது நாட்களே இருந்தன. அவர்கள் அந்நாளைக் காணவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் காரணங்கள் புதியன அல்ல: அளவுக்கு மிஞ்சிய கூட்டம், பருவத்தை மதியாமை, ஒருபுறம் சாய்தல், கண்காணிப்பின்மை. இவற்றுள் எதனை முற்பிறப்பின் வினை என்போம்?

இப்பொழுது ஐந்தாம் சீலத்திற்கு வருவோம். மதுவை விலக்குகிறேன் என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்கிறோம். பகவான் அங்ஙனம் வறிதே சொல்லவில்லை. மயக்கும் பானங்களைப் ‘பமாதட்டானம்’ என்றார். அதாவது பொச்சாப்பிற்கு இடமானவை என்று காரணத்தோடு விலக்கினார். மது நாவிற்குத் தீயது என்பதனாலன்று. அது வாயிற்காவலனை உறங்கச் செய்கிறது என்பதனாலேயே விலக்கினார். படகில் குடித்தவன் கண்ணுக்குத் தொலைவும் வேகமும் சரிவரத் தெரியா. நீரில் வீழ்ந்தால் கைகால் அவன் சொல் கேளா. அங்ஙனமாயின், மது அல்லாத மயக்கங்களை என் செய்வது? சுக்கான் பிடிப்பவர் கையிலுள்ள கைப்பேசியும் அவ்வேளையில் பமாதட்டானமே. இரவெல்லாம் உறங்காது மறுநாள் கலம் செலுத்துதலும் பமாதட்டானமே. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு நம் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் இளைஞனுக்கு அக்கருவியும் பமாதட்டானமே. சீலத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிடலாகாது.

சிலர் வினவலாம்: “ஐயா, நாம் விழித்திருந்தாலும் பிறன் விழித்திருக்க வேண்டுமே? சட்டப்படி வழிவிட வேண்டியவன் அவனாயிற்றே?” கடல் விதிகள் இதற்கும் விடை தருகின்றன. எதிரே வரும் கலம் வழிவிட வேண்டியதாயினும், அது வழிவிடவில்லை என்று தெரிந்தால், உரிமையுடைய கலமும் மோதலைத் தவிர்க்கத் தன்னாலானதைச் செய்ய வேண்டும். உரிமை நம் பக்கம் இருப்பது வேறு. உயிர் நம்மிடம் இருப்பது வேறு. அரசியற் சட்டம் நமக்கு உரிமைகள் தந்திருக்கிறது. அவற்றை நம்பிப் படுத்துறங்கலாம் என்று பாபாசாகேப் நமக்குச் சொல்லவில்லை.

வேறு சிலர், தெய்வம் காக்கும் என்பர். மகாஜனகர் என்னும் போதிசத்துவரின் கதையைக் கேளுங்கள். சுவர்ணபூமிக்குச் சென்ற கப்பல் நடுக்கடலில் உடைந்தது. ஏனையோர் அழுது தத்தம் தெய்வங்களைக் கூவினர். மகாஜனகர் அழவில்லை, சருக்கரையும் நெய்யும் வயிறு நிரம்ப உண்டார், ஆடையை எண்ணெயில் தோய்த்து இறுக உடுத்தார், பாய்மரத்தைப் பற்றி நின்று, கப்பல் மூழ்கும் தறுவாயில் தொலைவாகப் பாய்ந்தார். ஏழு நாள் நீந்தினார். அக்கடலுக்குக் காவல் மணிமேகலா தெய்வம். நம் தமிழ்க் காப்பியத் தலைவியின் பெயருக்கு உரிய தெய்வம் அது. ஆனால் அந்த ஏழு நாளும் அத்தெய்வம் கடலை நோக்கவில்லை என்கிறது கதை! காவல் தெய்வமே காவல் மறந்திருந்த பொழுதில் அவரை மிதக்கச் செய்தது அவருடைய விழிப்பும் முயற்சியுமே. தெய்வம் வந்து, கரை தெரியாத கடலில் ஏன் வீணே முயல்கிறாய் என்று வினவியபொழுதும் அவர் கையை நிறுத்தவில்லை. முன்னேற்பாடும் முயற்சியும் உடையவனிடத்திற்கே உதவி வந்து சேர்ந்தது.

ஆகையால் அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு கராபுரிக்குப் புறப்படுவோர் இவற்றை ஒரு விரதமாகவே கொள்ளுங்கள். படகின் அனுமதிக்கப்பட்ட தொகையைக் கேளுங்கள். அதற்குமேல் கூட்டம் ஏறினால் இறங்கிவிடுங்கள். கொடுத்த கட்டணம் போனால் போகட்டும். மிதவை அங்கியைக் குழந்தைகளுக்கு முதலில் அணிவித்து, நாடாவை இறுகக் கட்டி, பின்னர் நீங்களும் அணியுங்கள். இருக்கையின் அடியில் கிடக்கும் அங்கி எவரையும் காத்ததில்லை. ஒரு பக்கமாகத் திரளாதீர்கள். சுக்கான் பிடிப்பவர் கண்ணை மறைத்து நிற்காதீர்கள்; அவரோடு வம்பு பேசாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் முறைவைத்து நீர்ப்பரப்பை நோக்கிக்கொண்டிருங்கள். ஒரு கலம் இடம் மாறாமல் பெரிதாகி வருவதைக் கண்டால் கூச்சப்படாமல் உரக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது பிழையாயினும் நேரும் இழப்பு சிறு நகைப்பே. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவற்படையை அழைக்க 1554 என்னும் எண் உண்டு. அதனைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வியுங்கள்.

நேயர்களே! தம்மத்தைப் பகவான் ஒரு தெப்பத்திற்கு ஒப்பிட்டார். கைகளாலும் கால்களாலும் முயன்று அக்கரை சேருவதற்கு உரியது அது. நம் பாட்டனும் தந்தையும் நம்மைத் தெப்பத்தில் ஏற்றிவிட்டுப் போனார்கள். ஏறியது பயணத்தின் தொடக்கம். கரை இன்னும் தொலைவிலிருக்கிறது. தெப்பத்தில் ஏறியவுடன் பழைய விதிச்சொல்லைத் தலையணையாக வைத்து உறங்கிவிட்டால் நாம் ஏறியதன் பயன் என்ன?

அன்று பெருமூச்சு விட்ட அம்மூதாட்டியை மறுவாரம் கண்டு இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியானால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்கலாம் அல்லவா, ஐயா?” என்றார். ஆம் என்றேன். அவர் கண்ணீர் விட்டார். தலையெழுத்து என்று சொன்னபொழுது வராத கண்ணீர் அது. காரணத்தை அறிந்தவருக்கே உண்மையான துயரம் வரும். அத்துயரத்திலிருந்தே பிறரைக் காக்கும் விழிப்பும் பிறக்கும்.

இன்று இல்லம் திரும்புமுன் ஐந்தாம் சீலத்தை மீண்டும் ஒருமுறை உள்ளத்தில் சொல்லுங்கள். இம்முறை கடிகாரத்தை நோக்காமல் சொல்லுங்கள்; நானும் அங்ஙனமே சொல்கிறேன்.

நீரில் செல்வோரும் நிலத்தில் வாழ்வோரும் சகல உயிர்களும் துன்பமின்றி இருப்பாராக! கடலில் மாண்டோரை நினைந்து நாம் விழித்திருப்போமாக!

சாது! சாது! சாது!